தாயில்லாக் குதிரைக்குட்டியை வளர்த்தெடுக்க: முதல் மணி நேரத்திலிருந்து பால் மறக்கும் நாள் வரை

எங்கள் தாய்க்குதிரை குட்டி போட்ட மூன்றாவது மணி நேரத்தில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனது. குட்டி அதற்குள் எழுந்து நின்று மடியைத் தேடிக்கொண்டிருந்தது. எதை உடனே செய்ய வேண்டும், எதை விடியும்வரை தள்ளிப்போடலாம் என்று அன்று இரவு எனக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் பாதி மாட்டுக்கன்றுக்குச் செய்வது. குட்டி பிழைத்துவிட்டது, இன்று வளர்ந்த குதிரையாக நிற்கிறது. ஆனாலும் அந்த முதல் நாளில் நான் வீணடித்த மணி நேரங்களை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. அடுத்தவருக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் அளவுகள் சுமார் 50 கிலோ எடையுள்ள குட்டிக்கு. பிறந்த குட்டி பெரும்பாலும் தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். மட்டக்குதிரையின் குட்டி என்றால் எடைக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். தாய் இறந்தால் மட்டுமல்ல, தாய்க்குப் பால் சுரக்காவிட்டாலும், அது குட்டியை அண்டவிடாமல் உதைத்தாலும் இதே வேலைதான்.

1. தாயை அப்புறப்படுத்தும் முன்

முதல் அழைப்பு கால்நடை மருத்துவருக்கு. அவர் வந்து சேர்வதற்குள் செய்ய வேண்டியவை உண்டு.

தாயின் மடியில் சீம்பால் இருந்தால் உடனே கறந்துவிடுங்கள். இறந்து சிறிது நேரம் ஆகியிருந்தாலும் கறக்கலாம். தாயைக் காப்பாற்ற வழியில்லை, ஊசி போட்டு வேதனையை முடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த ஊசிக்கு முன்பே கறந்துவிட வேண்டும். கையைக் கழுவி, மடியைத் துடைத்து, சுத்தமான பாத்திரத்தில் கறந்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும்.

அடுத்தது, யாரும் நினைவுபடுத்தாத ஒன்று. தாயின் பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு முப்பது நாற்பது மயிர்களைப் பிடுங்கி, காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். கத்தரியால் வெட்டிய மயிர் பயன்படாது, வேர் இருக்க வேண்டும். இனப்பதிவு அமைப்புகள் பல, குட்டியின் பெற்றோரை மரபணுச் சோதனையில் உறுதிசெய்த பிறகே பதிவு தருகின்றன. தாயின் மாதிரி ஏற்கெனவே அவர்களிடம் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், புதைத்த பிறகு எடுக்க முடியாது. நான் எடுக்கவில்லை. அதனால் குட்டியின் பதிவு மாதக்கணக்கில் இழுத்தது.

தாய்க்குக் காப்பீடு இருந்தால் அப்புறப்படுத்துவதற்கு முன்பே அவர்களுக்குத் தகவல் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. இறந்த நேரம், காரணம் இரண்டையும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி விழுந்திருந்தால் அதையும் ஒரு வாளியில் மூடி வையுங்கள். அதைப் பார்த்து, கருப்பையிலேயே குட்டிக்குக் கிருமி தொற்றியிருக்குமா என்று மருத்துவர் ஊகிப்பார்.

2. சீம்பால்: இதற்கு மட்டும் நேரம் காத்திருக்காது

மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. குட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பெல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் வாசல் குடலில் பிறந்த சில மணி நேரமே நன்றாகத் திறந்திருக்கும். முதல் 6 முதல் 8 மணி நேரம் பொன்னான நேரம். 12 மணி நேரத்தில் பெரும்பகுதி மூடிவிடும். 24 மணி நேரம் ஆகிவிட்டால் எத்தனை லிட்டர் கொடுத்தாலும் அது வெறும் உணவு.

கொடுக்க வேண்டியது மொத்தம் 1 முதல் 2 லிட்டர். ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். 250 முதல் 500 மில்லி வரை, மணிக்கு ஒரு முறையாகப் பிரித்துக் கொடுங்கள்.

தாயிடம் கிடைக்காவிட்டால், அக்கம்பக்கத்துக் குதிரைப் பண்ணைகளில் உறைய வைத்த சீம்பால் இருக்கிறதா என்று கேளுங்கள். மைனஸ் 20 டிகிரியில் வைத்தது ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பையோடு வைத்து உருக்குங்கள். கொதிநீரும் மைக்ரோவேவ் அடுப்பும் அதிலுள்ள புரதத்தைக் கெடுத்துவிடும். தரம் பார்க்க பிரிக்ஸ் மானி என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு சொட்டு வைத்தால் போதும். 23 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். பால் கொடுத்த குதிரையின் வரலாற்றையும் விசாரியுங்கள். அதன் முந்தைய குட்டிக்கு மஞ்சள் காமாலை வந்து ரத்தம் சிதைந்திருந்தால் அந்தச் சீம்பால் வேண்டாம்.

குதிரைச் சீம்பால் எங்குமே கிடைக்கவில்லை, பசுவின் சீம்பால்தான் இருக்கிறது என்றால், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் அதன் பாதுகாப்பு சில நாள்தான் தாங்கும், குதிரைக்கு வரும் கிருமிகளுக்கு ஏற்றதும் அல்ல. அதைக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

குட்டிக்குச் சப்பும் பலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுத்தமான விரலை வாயில் வைத்தால் நாக்கைச் சுருட்டி இழுக்க வேண்டும். இழுக்காத குட்டிக்குப் புட்டியில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். மருத்துவர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுக் கொடுப்பார். உடல் சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கும் பால் ஊற்றாதீர்கள். குளிர்ந்த குடல் செரிக்காது. துடைத்து, போர்த்தி, சூடேற்றிய பிறகுதான் பால்.

3. முதல் நாளின் மற்ற வேலைகள்

தொப்புள்: 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலில் முதல் மூன்று நாட்களுக்குத் தினம் சில முறை முக்குங்கள். கடைகளில் 2 சதவீதமாகக் கிடைப்பது சாதாரணம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு சுத்தமான தண்ணீர் சேர்த்தால் சரியாக வரும். கெட்டியான அயோடின் தோலை வேக வைத்துவிடும்.

முதல் லத்தி: கறுப்பாகப் பிசின் போல வரும். ஒரு நாளுக்குள் முழுதும் போய்விட வேண்டும். வாலைத் தூக்கித் தூக்கி முக்கினால், பால் குடிக்காமல் வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் சிக்கியிருக்கிறது. எனிமா கொடுப்பது எளிது, ஆனால் முதல் முறை மருத்துவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்ட பதிவு இல்லையென்றால் குட்டிக்கு எதிர்மருந்து ஊசி தேவையா என்று கேளுங்கள்.

4. ஒரு நாள் முடிவதற்குள் செய்யும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்

பிறந்து 18 முதல் 24 மணி நேரத்துக்குள், ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 400க்குக் கீழே என்றால் சீம்பால் சேரவே இல்லை. நடுவில் என்றால் அரைகுறை. குறைவாக இருக்கும் குட்டிக்கு, வேறு குதிரையிலிருந்து எடுத்த பிளாஸ்மாவை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 லிட்டர் தேவைப்படும்.

பிளாஸ்மா விலை மிகுந்தது. "குட்டி துள்ளிக்கொண்டுதானே இருக்கிறது, ரத்தம் எதற்கு?" என்று நானும் தயங்கினேன். துள்ளும் குட்டி மூன்றாம் நாள் ரத்தத்தில் கிருமி கலந்து படுத்துவிடலாம். அப்போது ஆகும் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் பிளாஸ்மா மலிவு. பணம் குறைவாக இருந்தால் மற்ற எதிலாவது சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம்.

5. செவிலிக் குதிரையா, பால் பவுடரா?

குட்டியை இழந்த, பால் சுரக்கும் குதிரை ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள். குட்டிக்குப் பாலோடு குதிரையின் ஒழுக்கமும் கிடைக்கும், உங்களுக்குத் தூக்கம் கிடைக்கும். குட்டி இல்லாத குதிரைக்கும் ஹார்மோன் சிகிச்சையால் பால் சுரக்க வைக்கும் முறை உண்டு. அதற்குச் சில நாள் ஆகும், மருத்துவர் துணை கட்டாயம்.

பழக்கும்போது செவிலியைப் பிடித்துக்கொள்ள ஒருவர், குட்டியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். குட்டியைப் பசியோடு கொண்டுபோங்கள், செவிலியின் வியர்வையையோ பாலையோ குட்டியின் முதுகில் தடவுங்கள். செவிலியின் நாசியில் கற்பூர வாசனைத் தைலத்தைத் தடவினால் அந்நிய வாடை தெரியாது. சில குதிரைகள் ஒரு மணி நேரத்தில் ஏற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு மூன்று நாள் ஆகும். அது வரை இருவரையும் தனியே விட்டுவிட்டு நகரக்கூடாது. ஒரு உதை போதும்.

வாடகைக்கு எடுப்பதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை மாதம், தீவனமும் மருத்துவமும் யார் செலவு, குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, சினைப்படுத்தித் திருப்பித்தர வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. அது தனிச் செலவு.

6. எந்தப் பால், எவ்வளவு, எத்தனை முறை

குதிரைப்பால் பசும்பாலைவிட நீர்த்தது, இனிப்பு கூடியது. கொழுப்பு பாதிதான் இருக்கும். அதனால் பசும்பாலை அப்படியே கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது. பவுடர் வந்து சேரும்வரை ஓரிரு நாள் சமாளிக்க, 2 சதவீதக் கொழுப்புள்ள பசும்பால் ஒரு லிட்டரில் 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் பொடி, கலந்து கொடுக்கலாம். வீட்டுச் சர்க்கரையும் தேனும் கூடாது. சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் போதுமான அளவு இல்லை, கழிச்சல் பிடுங்கிக்கொள்ளும். ஆட்டுப்பாலைக் குட்டி விரும்பிக் குடிக்கும், சில குட்டிகளுக்கு மலம் இறுகும்.

பிறகு குதிரைக்குட்டிக்கென்றே தயாரித்த பவுடருக்கு இரண்டு மூன்று நாளில் படிப்படியாக மாறுங்கள். கன்றுக்குட்டிப் பவுடர் வாங்காதீர்கள். அதன் சத்து விகிதம் வேறு. சில வகைகளில் மருந்தும் கலந்திருக்கும். கால்நடைத் தீவனங்களில் சேர்க்கும் மோனென்சின் குதிரையைக் கொன்றுவிடும்.

பவுடரைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கெட்டியாகக் கலந்தால் பிள்ளை சீக்கிரம் தேறும் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய பொறி. உப்பு ஏறும், வயிறு ஊதும், கழியும். லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் என்பது பொதுவான வரம்பு. முதல் சில நாள் கீழ்வரம்பை ஒட்டியே இருங்கள். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும்.

அளவும் நேரமும் இப்படி:

முதல் இரண்டு நாள்: நாளுக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம். 50 கிலோ குட்டிக்கு 5 லிட்டரில் தொடங்குங்கள். மணிக்கொரு முறை 200 மில்லிக்குச் சற்றே கூட.

மூன்றாம் நாள் முதல் ஒரு வாரம் வரை: 7.5 முதல் 10 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 650 முதல் 800 மில்லி.

இரண்டாம் வாரம்: 10 முதல் 12.5 லிட்டர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை.

ஒரு மாதம் முடியும்போது நாளுக்கு நான்கைந்து வேளை போதும்.

இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்தாக வேண்டும். தாயிடம் இருக்கும் குட்டி முதல் வாரத்தில் மணிக்கு ஐந்தாறு முறை மடியைத் தேடும் என்பதை நினைத்துக்கொண்டால், நாம் கொடுப்பது எவ்வளவு குறைவு என்று புரியும். இரண்டு பேராவது முறை வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் ஆறு நாள் தனியாகவே பார்த்தேன். ஆறாம் நாள் இரவு இரண்டு வேளை தூங்கிவிட்டேன். விடியும்போது குட்டி தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

செலவைத் திட்டமிட ஒரு கணக்கு: நாளுக்கு 10 லிட்டர், லிட்டருக்கு 120 கிராம் என்றால் 1.2 கிலோ பவுடர். பால் மறக்கும் வரை, கடைசி நாட்களில் குறைத்துக்கொண்டே வந்தாலும் 90, 100 கிலோ தேவை. ஒரு மூட்டையை வாங்கிவிட்டுத் தீரும்போது பார்க்கலாம் என்று இருந்தால், நடுவில் சரக்கு கிடைக்காமல் வேறு வகைக்குத் திடீரென மாற வேண்டிவரும். உடனே வயிறு கெடும். இரண்டு வாரச் சரக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

7. புட்டியிலிருந்து வாளிக்கு

குட்டி நின்றபடிதான் குடிக்க வேண்டும். மடியைத் தேடும்போது கழுத்து எப்படி நீளுமோ அப்படி. புட்டியைத் தலைக்கு மேலே தூக்கினால் மூச்சுக்குழாயில் இறங்கும். காம்பின் துளையை அகலப்படுத்தாதீர்கள். புட்டியைக் கவிழ்த்தால் தானாக ஒழுகக்கூடாது, சப்பினால்தான் வர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கான ரப்பர் காம்பு வாய்க்குப் பொருந்தும். குடிக்கும்போது மூக்கில் பால் வழிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே வாளிக்குப் பழக்கிவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. புட்டியைச் சப்பும் குட்டியைப் பார்க்க ஆசையாக இருக்கும், விட மனம் வராது. ஆனால் வாளியில் குடிக்கும் குட்டி பாலை உங்களோடு முடிச்சுப் போடாது. பிற்பாடு அதன் அருமை தெரியும். விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து, விரலை மெதுவாக அகலமான வாளிக்குள் இறக்குங்கள். முகத்தைப் பிடித்து அமுக்காதீர்கள், பயந்துபோகும். பசித்த குட்டி பெரும்பாலும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளும். பிறகு வாளியை அதன் நெஞ்சு உயரத்தில் கட்டிவிடலாம். வெயில் நாட்களில் பால் சீக்கிரம் புளிக்கும், மிச்சத்தைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் வாளியைச் சூடான நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

8. தினம் ஒரு நோட்டில் எழுத வேண்டியவை

குடித்த அளவு, வெப்பநிலை, லத்தியின் பதம், வாரம் இருமுறை எடை. எடைக்கு நெஞ்சைச் சுற்றி அளக்கும் நாடா போதும். இந்த எடையில் பிறந்த குட்டி முதல் மாதத்தில் நாளுக்கு ஒரு கிலோவை ஒட்டி ஏறும். வெப்பநிலை 37.2 முதல் 38.9 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மருத்துவர் வரும்போது இந்த நோட்டு அரை மணி நேரக் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

6 முதல் 14 நாளுக்குள் லேசான கழிச்சல் பல குட்டிகளுக்கு வரும். தாயில்லாக் குட்டிக்கும் வரும். குட்டி சுறுசுறுப்பாக, நன்றாகக் குடித்துக்கொண்டு, காய்ச்சலின்றி இருந்தால் பின்புறத்தைக் கழுவி, களிம்பு தடவிப் பொறுத்திருக்கலாம். நீராகப் பீய்ச்சினால், பால் வேண்டாமென்றால், கண் குழி விழுந்தால் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உடலின் நீர் வற்றிவிடும்.

கால் நொண்டினால் எங்காவது இடித்துக்கொண்டிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சிறு குட்டியில் வீங்கிய மூட்டு என்றால் கிருமி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றே மருத்துவம் தொடங்கினால்தான் மூட்டு மிஞ்சும்.

குட்டி லத்தி தின்பதைப் பார்த்து நான் பதறினேன். அது இயல்பு. செரிமானத்துக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படித்தான் குடலில் குடியேறுகின்றன. பக்கத்தில் வேறு குதிரை இல்லையென்றால், குடற்புழு நீக்கம் செய்த ஆரோக்கியமான பெரிய குதிரையின் புதிய லத்தியைக் கொஞ்சம் கொட்டிலில் வையுங்கள்.

9. குட்டியைக் குதிரைகளிடம் கொடுத்துவிடுங்கள்

என் மிகப்பெரிய தவறு இங்கே. குட்டி என்னைத் தாயாக நினைத்தது, நான் அதில் மகிழ்ந்தேன். பின்னாலேயே வரும், சட்டையைக் கடித்து இழுக்கும், முன்காலைத் தூக்கி மடிமேல் வைக்கும். மூன்றாம் மாதத்தில் நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு முன்னங்கால் இரண்டையும் என் தோளில் போட்டது. அதற்குக் கோபம் எதுவும் இல்லை, விளையாடத்தான் கூப்பிட்டது. தன் அளவும் தெரியாது, நான் குதிரையில்லை என்பதும் தெரியாது. குதிரைக்குட்டி அத்துமீறினால் பெரிய குதிரை காதை மடக்கும், பல்லைக் காட்டும், தேவைப்பட்டால் ஒரு கடி வைக்கும். அந்தப் பாடத்தை மனிதரால் சொல்லித்தர முடியாது. ஆண்குட்டியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சாதுவான முதிய குதிரை ஒன்றை, காயடித்த ஆணோ வயதான பெட்டையோ, முதல் வாரத்திலேயே பக்கத்துக் கொட்டிலில் கட்டுங்கள். சில நாள் தடுப்புக்கு இருபுறமும் முகர்ந்து பழகட்டும். பிறகு கண்காணிப்போடு ஒன்றாக விடலாம். குதிரை கிடைக்கும்வரை ஒரு ஆடுகூடத் தனிமையைக் குறைக்கும். பால் கொடுப்பது, கழுத்துவார் போட்டு நடத்துவது, குளம்பைத் தூக்கிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் நீங்கள் உள்ளே போங்கள். விளையாடுவதற்குப் போகாதீர்கள். முதல் மாதத்தில் எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்திருக்கும். ஆனாலும் செய்திருக்க வேண்டும்.

10. பதிவும் ஊசியும்

பொலிகுதிரையின் உரிமையாளர் தந்த இணைசேர்ப்புச் சான்றிதழ், தாயின் பதிவுத்தாள், இறப்புச் சான்று, மயிர் மாதிரி ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். பதிவுக்கும் மைக்ரோசிப்புக்கும் கடைசி நாள் உண்டு, தாமதித்தால் கூடுதல் கட்டணம். குட்டி பிறந்த வாரமே விசாரித்துவிடுங்கள். நெற்றிச்சுட்டி, கால் வெள்ளை தெரியும்படி நான்கு புறமும் படம் எடுத்து வையுங்கள்.

குடற்புழு நீக்கம் இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். தடுப்பூசி எப்போது என்பது தாய்க்கு ஊசி போட்டதா, குட்டிக்குச் சீம்பால் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து மாறும். ஐ.ஜி.ஜி. முடிவையும் தாயின் ஊசி அட்டையையும் மருத்துவரிடம் காட்டி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

11. பால் மறக்க வைப்பது

ஒரு வாரக் குட்டிக்கே, பால் கலந்த குச்சித் தீவனத்தைக் கைப்பிடி அளவு வாயில் வைத்துப் பழக்கலாம். முதலில் துப்பும். தினமும் புதிதாக வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு மாதத்தில் அரை கிலோ வரை தின்னும். கூடவே மென்மையான, இலை மிகுந்த உலர்புல். குதிரைக்குட்டிக்கான தீவனமாகப் பார்த்து வாங்குங்கள், மாட்டுத்தீவனம் வேண்டாம்.

பத்து முதல் பன்னிரண்டு வாரத்தில், நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தீவனமும் நிறையப் புல்லும் தின்கிறது, தண்ணீர் தானாகக் குடிக்கிறது என்றால் பாலைக் குறைக்கத் தொடங்கலாம். தேதியைப் பார்க்காமல் அது தின்னும் அளவைப் பாருங்கள். ஒரு வேளையை நிறுத்தி இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த வேளை என்று பத்து நாளில் முடியுங்கள். இரவு வேளையை முதலில் நிறுத்துங்கள். கடைசியாக நிற்க வேண்டியது காலை வாளி.

நின்ற பிறகும் இரண்டு வாரம் எடை நாடாவை விட்டுவிடாதீர்கள். எடை நின்றுபோனால் தீவனத்தைச் சற்றுக் கூட்டி, லத்தியைச் சோதனைக்கு அனுப்புங்கள். மறுபடி பாலுக்குத் திரும்பாதீர்கள். எங்கள் குட்டி நாலைந்து நாள் காலையில் வாளி தொங்கிய கொக்கியை நக்கிக்கொண்டு நின்றது. பிறகு கிழட்டுக் குதிரையின் பின்னால் மேயப் போய்விட்டது.